பெரியண்ணையின் கல்வெட்டு இன்னும் முடியவில்லை

சிவமயம்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ,
ரொறன்ரோ.
மார்ச் 20, வியாழன்

நோர்வேயில் பேர்கன் நகரத்து முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும், என் பயபக்திக்குரிய பெரியண்ணை சீவரத்தினம் அவர்களுக்குத் தம்பி மகேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

நாங்கள் இங்கே நலம், அதுபோல் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்களுடைய சிறுநீரகம் இரண்டும் நலமில்லை என்று எனக்குத் தெரியும். என்னுடைய முழங்காலும் மனமும் நலமில்லை என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி ரதி மாத்திரம் நலமாக இருக்கிறா, அவவும் இரண்டு நாளாக என்னோடு கதைக்கிறதில்லை. வெளியே பனி உருகிச் சேறாகி, அந்தச் சேறு திரும்ப உறைந்து, திரும்பவும் உருகுகிறது. ஆகவே நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிறு ரெலிபோனில் திரும்பவும் கேட்டீர்கள்: “என்னடா, என்ரை கல்வெட்டு எந்த மட்டிலை நிக்குது?” நான் காரணம் சொல்லத் தொடங்க, “உதெல்லாம் போனிலை கதைச்சுச் சமாளிக்காதை, எழுத்திலை தா” என்றீர்கள். அதற்குப் பிறகு ஒன்று சொன்னீர்கள். “டொக்டர் கையை விரிச்சதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. புத்தகம் முடிஞ்சுது எண்டு நீ ஒரு வார்த்தை சொன்னால் காணும், அதோடை எனக்கு இஞ்சை ஒரு வேலையும் மிச்சமில்லை.” மீன் தொழிற்சாலையில் கடைசிப் பெட்டியை மூடுமட்டும் கையுறையைக் கழற்றாத மனிதர் நீங்கள். வேலை முடியுமட்டும் இருப்பீர்கள், முடிந்தால் எழும்பிப் போவீர்கள். அதனால் இந்தப் புத்தகம் ஏன் முடியவில்லை என்பதை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கல்வெட்டு அடிப்பது எனக்குப் புதிதல்ல. இருபத்தாறு வருடம் இந்த நகரத்துத் தமிழ்ப் பத்திரிகையொன்றுக்குப் பக்கம் அமைத்தவன். ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம் நூற்றுக்கும் மேலே இந்தக் கையால் செய்தவன். முதற் பக்கம் பிள்ளையார், இரண்டாம் பக்கம் கோட்டும் ரையும் போட்ட படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவழி. செத்தவர் எல்லாரும் வந்தாரை வரவேற்றவர், சிரித்த முகம் உடையவர், ஒருவரோடும் கோபிக்காதவர். பெயரை மாற்றினால் போதும். ஆனால் அண்ணை, அத்தனை பேரில் ஒருவர்கூட உயிரோடு இருந்து தன்னுடைய கல்வெட்டுக்குப் புரூஃப் பார்க்கவில்லை. எல்லாரும் மரியாதையாகச் செத்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். ‘ஒருவரோடும் கோபிக்காதவர்’ என்று உங்கள் புத்தகத்திலும் போட்டேன். நீங்கள் அதைச் சிவப்பு மையால் வெட்டி ‘நியாயமான கோபம் உடையவர்’ என்று திருத்தி அனுப்பினீர்கள். இறந்த திதியைச் சொல்லுகிற வெண்பாவுக்குத் திதி வேண்டும், அதற்கு இடம் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். “ஏகாதசி எண்டு போடு, தளை தட்டாது. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ரெலிபோனை ரதியிடம் கொடுத்தேன். அவ உங்களிடம் மரியாதையாக மழையைப் பற்றி விசாரித்தா.

அது போதாதென்று, பேத்தி நிலாணிக்கும் உங்களோடு நின்று மீன் வெட்டிய வெள்ளைக்காரருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று சொல்லி, நோர்வே மொழியில் ஒரு பக்கம் நீங்களே எழுதி அனுப்பினீர்கள். பதினொரு வரி. அதையும் நான் பேசுவது போல எழுதியிருக்கிறீர்கள்! முப்பத்தோராம் நாளன்றைக்கு நான்தான் எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று வாசிக்க வேண்டும், வேறு ஒருவரும் தொடக்கூடாது என்று கட்டளை வேறு. எனக்கு நோர்வே மொழி படிப்பிக்கிற ஜூலி அம்மா முதல் வகுப்பில் மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் என்னுடைய வாயால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. மூன்றாம் வரியில் என் அண்ணன் நேரம் தவறாதவர். ஐந்தாம் வரியில் நான் மெதுவாக விளங்கிக்கொள்ளுகிற தம்பி, அவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். பொறுமை! பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு என்னுடைய காதைப் பிடித்து நீங்கள் திருகிய திருகலில் இன்றைக்கும் அந்தக் காது மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, ரதியிடம் கேளுங்கள். ஒன்பதாம் வரியில், ‘அவர் என்னை ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை’ என்று இருக்கிறது. அந்த வரியைப் பற்றி நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை.

சிக்கல் பக்கம் அமைக்கிறபோதே தொடங்கிவிட்டது. நோர்வேக்காரர் இரண்டு சொல்லை, மூன்று சொல்லை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக எழுதிவிடுகிறார்கள். நாங்களும் ஒட்டுகிறவர்கள்தான், ஆனால் பத்திரிகையில் வரி முடிந்தால் தமிழை எந்த எழுத்திலும் வெட்டிக் கீழே போடலாம், ஒரு குஞ்சும் கேட்காது. அந்தக் கைப்பழக்கத்தில், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கின பத்தியில் ‘ஆர்பைட்ஸ்காமெராட்’ என்ற சொல்லைப் போட்டேன். கூட வேலை செய்த தோழன் என்று பொருளாம். ‘ஆர்பைட்ஸ்கா’ மேலேயும் ‘மெராட்’ கீழேயும் போய்விட்டது. நீங்கள் அந்த இடத்தைச் சிவப்பால் வளைத்து, “ஒட்டின இடத்திலை வெட்டடா. மனிசனை நெஞ்சிலை வெட்டியிருக்கிறாய்” என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி விட்டேன். அது இன்னும் பெரிய குற்றமாம். வேலை ஒரு பக்கமும் தோழன் ஒரு பக்கமும் நிற்கிறார்களாம். நடுவில் ஒரு ‘ஸ்’ நிற்கிறதே, அது எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால், மேல்வரிக்காரனாம், பசை மாதிரி முதற் பாதியோடு ஒட்டி நிற்குமாம். இப்படி அந்தப் பக்கத்தை மாத்திரம் பதினான்கு தரம் அமைத்திருக்கிறேன். வம்சாவழி முழுவதற்கும் எனக்கு ஒரு பகல்தான் சென்றது.

அடுத்தது வாசிப்பு. ஒக்டோபரிலிருந்து புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு நூலகத்து அறையில் ஜூலி அம்மாவிடம் படிக்கிறேன். அவவுக்கு ஓஸ்லோப் பக்கத்தில் ஹாமார் என்ற இடம், இங்கே ஒருவரைக் கலியாணம் முடித்து வந்து நாற்பது வருடமாம். ஐந்து பேராகத் தொடங்கினோம், டிசம்பர் நத்தாரோடு நான் மட்டும் மிஞ்சினேன். என்ன தேவைக்காகப் படிக்கிறீர்கள் என்று முதல்நாள் எல்லாரையும் கேட்டா. ஒருவர் சுற்றுலா என்றார், ஒருத்தி காதலன் என்றாள். நான், “அண்ணன் செத்த பிறகு வாசிக்க” என்றேன். “ஐயோ பாவம், எப்போது இறந்தார்?” என்று கேட்டா. “இன்னும் இல்லை” என்றேன். அவ எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தா.

ஒட்டின சொல்லில் முதற் பாதிக்கு முழு அழுத்தம், இரண்டாம் பாதிக்கு அரை அழுத்தம், நடுவில் மூச்சு விடக்கூடாது, ஆனால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டும். இதுதான் சட்டம். சொல்லுகிறபோது சுகமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலைக்கு அவர்களுடைய சொல் ‘ஃபாப்ரிக்’, தனியே நின்றால் அழுத்தம் பின்பக்கத்தில். அதற்கு முன்னால் மீனைக் கொண்டுவந்து ஒட்டினால் ‘ஃபிஸ்கெஃபாப்ரிக்’, உடனே முழு அழுத்தமும் மீனுக்குப் போய்விடுகிறது, தொழிற்சாலைக்கு அரைவாசிதான். முப்பது வருடம் அதற்குள் நின்ற உங்களுக்கு இது விளங்கும். என்னுடைய நாக்கோ எல்லா எழுத்தையும் ஒரே நிறையில் வரிசையாக அடுக்குகிறது. “நீங்கள் சொல்லுகிறபோது எங்கே அழுத்தம் என்று தெரியவில்லை, மழை பெய்கிற மாதிரி இருக்கிறது” என்றா ஜூலி அம்மா. நினைவுரைக்கு ஒரு சொல், ‘மின்னெ’ ஒரு பாதி, ‘ஊர்’ மறுபாதி. நான் சேர்த்து ‘மின்னெயூர்’ என்றேன். “நடுவில் அந்த ய எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டா. “அகதியாக வந்தது, எங்களைப் போல” என்றேன். அவ சிரிக்கவில்லை, அதைத் திருப்பி அனுப்பச் சொன்னா. ஆனால் முதியோர் இல்லத்துக்கு ‘சூக்கெயெம்’ என்று சொல்ல வேண்டுமாம், அங்கே நடுவில் ய வரலாமாம். என்னுடைய ய-வுக்கு விசா மறுத்தவர்கள் தங்கள் ய-வை நடு வீட்டில் இருத்தி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அவ ஒரு வழி சொல்லித் தந்தா: முதற் பாதிக்கு மேசையில் முட்டியால் ஒரு குத்து, இரண்டாம் பாதிக்கு ஒரு விரலால் ஒரு தட்டு. எங்கே போனாலும் இப்படிப் பழகுங்கள் என்றா. அந்த அறிவுரைதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெப்ரவரி நடுப்பகுதி, வகுப்பு முடிந்து லோரன்ஸ் பஸ்ஸில் வருகிறேன். வாசித்துப் பழகுவதற்காக உங்கள் கல்வெட்டில் ஒரு பிரதி மாத்திரம் தடித்த அட்டையோடு பிளாசாவில் அடித்து எடுத்து மடியில் வைத்திருந்தேன். அட்டையில் உங்கள் படம், கீழே ‘அமரர் சிவகுரு சீவரத்தினம் அவர்களின் நினைவு மலர்’. பஸ்ஸில் மேசை இல்லை, ஆகவே நெஞ்சில் குத்திப் பழகினேன். ‘ஃபிஸ்கெ’ என்று ஒரு குத்து, ‘ஃபாப்ரிக்’ என்று ஒரு தட்டு. மூச்சு விடக்கூடாது என்பதற்காக மூச்சையும் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு. முன்சீற்றிலிருந்த ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, நெஞ்சு நோகுதா என்று இங்கிலீசில் கேட்டாள். மூச்சைப் பிடித்திருந்ததால் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, கையைத்தான் ஆட்டினேன். அவள் கத்தினாள். பஸ் நின்றது. சாரதி எழும்பி வந்தார். எனக்கு ஒன்றுமில்லை, நான் நோர்வே மொழி படிக்கிறேன் என்று சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர்களுக்குப் பயம் கூடினது, மூளைக்கு இரத்தம் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். அம்புலன்சில் ஏற்றிப் பிரஷரை அளந்தார்கள், அந்தக் குழப்பத்தில் அது உண்மையாகவே எகிறி நின்றது. அதன் பிறகு என்னை இறங்க விடுவார்களா? கோதாரி, பின்னேரம் ஐந்து மணிமட்டும் நெஞ்சில் வயரோடு கிடந்தேன்.

இதற்குள் நடந்ததுதான் பெரிய கூத்து. அதே பஸ்ஸில், எங்கள் மாடியில் இருக்கிற கோணேஸ்வரி அக்கா பின்சீற்றில் இருந்திருக்கிறா. நான் நெஞ்சில் அடித்ததையும் என்னைக் கட்டிலில் வைத்துக் கொண்டுபோனதையும் கண்டவ, சீற்றில் கிடந்த புத்தகத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறா. அமரர் சீவரத்தினம்! தமையன் செத்த துக்கம் தாங்காமல் தம்பி பஸ்ஸில் விழுந்துவிட்டான் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வருமுன்னமே எட்டுப் பேருக்கு ரெலிபோன் அடித்துச் சொல்லிவிட்டா. எங்கள் வீடு பூட்டியிருந்தபடியால் தன்னுடைய வீட்டைத் திறந்து, கதிரைகளைச் சுவரோடு போட்டு, கல்வெட்டை ஒரு ஸ்ரூலில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டா. ரதியும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து லிஃப்ற்றால் இறங்க, நடையில் இருபத்தேழு சோடிச் சப்பாத்துக் கிடக்கிறது. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் கறி, பெரிய பிளாஸ்கில் கோப்பி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா.

கோணேஸ்வரி அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டா. “அழுங்கோ தம்பி, அழுதாத்தான் பாரம் குறையும்.”

“அக்கா, அண்ணை சாகேல்லை.”

“ஓம் தம்பி, அவர் சாகேல்லை. எங்கடை எல்லாற்ரை மனசிலையும் இருக்கிறார்.”

“மனசிலை இல்லை அக்கா, பேர்கனிலை இருக்கிறார்.”

“ஓம், ஓம். முதல் தண்ணியைக் குடியுங்கோ.”

ஒருவர் பிரேதம் எப்ப எடுக்கினம் என்று கேட்டார், எனக்கு வாயில் வந்தது இன்னும் திகதி வைக்கேல்லை என்பதுதான். வேறொருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “உது கெட்டித்தனம், முப்பத்தொண்டுக்குக் கடைசி நேரத்திலை ஓடித்திரியாமல் முதலே முடிச்சிட்டியள்” என்று பாராட்டினார். பத்திரிகையில் என்னோடு வேலை செய்த சீமோன் மாஸ்ரர் உங்கள் நோர்வேப் பக்கத்தைக் கையில் எடுத்தார். அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது அவருக்கு, ஆனால் எழுத்துக் கூட்டி, எல்லா எழுத்தையும் ஒரே நிறையில் வைத்து, கண்ணால் தண்ணி ஓட ஓட உரத்து வாசித்தார், எல்லாரும் விம்மினார்கள். ‘ஃபிஸ்கெஃபாப்ரிக்’ வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. “மாஸ்ரர், மீனிலை குத்துங்கோ, மீனிலை! தொழிற்சாலையைச் சும்மா தட்டிவிட்டால் காணும்” என்று கத்தினேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “மனிசனுக்குத் தலை தட்டிப்போச்சு” என்று யாரோ ரதியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். யாரோ அனுதாபம் சொல்ல நிலாணிக்கு எடுக்க, அந்தப் பிள்ளை அழுது குழறிக்கொண்டு உங்களுடைய இல்லத்துக்கு ஓடிவர, நீங்கள் அந்த நடுச்சாமத்தில் நித்திரையில்லாமல் பழுப்புச் சீஸ் வைத்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தீர்கள். வீடியோவில் உங்கள் முகத்தைக் கண்டதும் கோணேஸ்வரி அக்கா விளக்கை ஊதி நூர்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். “சாகாத ஆளுக்குப் புத்தகம் அடிச்சு எங்களை இந்தக் குளிருக்கை அலைய வைச்சிட்டியளே!” ஆனால் கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று எல்லாரும் இருந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு உங்களைப் பற்றி ஒருவரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வானொலியில் அடுத்தநாள் காலை, ‘திருத்தம்: சீவரத்தினம் அவர்கள் இன்னும் காலமாகவில்லை’ என்று சொன்னார்கள். நீங்களோ, “ஆர் ஆர் வரேல்லை எண்டு எழுதி வை” என்றீர்கள்.

ரதி என்னை இழுத்துக்கொண்டு போய் உங்களுடைய நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வித்தா. ஐயர் உங்கள் பெயரைச் சொல்ல, பக்கத்தில் நின்றவர், “அவர் செத்துப்போனாரெல்லே?” என்று சத்தமாகக் கேட்டார். ஐயர் மணியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்தக் கண்டறியாத புத்தகத்தால் கோயிலிலும் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை.

இவ்வளவும் பட்டு, சென்ற வாரம் நிலாணியைக் கூப்பிட்டு நான்கு வரி வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்சம் தயங்கி, “சின்னத் தாத்தா, you know, நீங்கள் ஓஸ்லோப் பக்கத்து ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்கள். இஞ்சை அப்பிடி இல்லை” என்றாள். ஜூலி அம்மாவின் பக்கத்தில் சொல்லைப் பள்ளத்தில் தொடங்கி மேலே ஏற்றுவார்களாம், பேர்கனில் மேட்டில் தொடங்கிக் கீழே இறக்குவார்களாம். பிள்ளை என்பதற்கு ஜூலி அம்மா சொல்லுகிற சொல் எங்கள் பேக்கரிப் பாண் மாதிரியே இருக்கும், பேரப்பிள்ளை என்றால் பாணெபாண். ஆறு மாதத்தில் எனக்குச் சுகமாக வந்த ஒரே சொல் அதுதான். பேர்கனில் அதைத் தொண்டையால் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லி அதையும் பறித்துவிட்டாள்.

ஆகவே அண்ணை, நிலைமை இதுதான். பக்கம் இன்னும் சரிவரவில்லை. அழுத்தம் வரவில்லை. மெட்டை அடியிலிருந்து மாற்ற வேண்டும், அதற்குப் பேர்கன் ஆள் ஒருவரை ரொறன்ரோவில் தேட வேண்டும். குறைந்தது இரண்டு வருடம் பிடிக்கும், முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மூன்று. அதுவரைக்கும் உங்களுடைய வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்பதை டொக்டருக்கும் அறிவித்துவிடவும்.

மூத்தவரை நான் ஆசீர்வதிப்பது முறையில்லை. எனவே உங்களுடைய ஆசீர்வாதத்தை நான் கேட்டுக்கொண்டு, குளிருக்குக் காலுறை போடும்படியும், உப்பில்லாத சாப்பாட்டுக்காகத் தாதிப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதிருக்கும்படியும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளுகிறேன். நிலாணிக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
காது வெளியே நிற்கிற உங்கள் தம்பி,
சி. மகேஸ்வரன்

பி.கு.: மேலே எழுதியதில் பஸ்ஸும் இடியப்பமும் உண்மை. மற்றது பொய்.

புத்தகம் பெப்ரவரிக்கு முதலே முடிந்துவிட்டது. ஆர்பைட்ஸ்காமெராட் ஒட்டின இடத்தில் அழகாக வெட்டுப்பட்டு நிற்கிறான். அந்தப் பதினொரு வரியும் எனக்கு நத்தாருக்கு முன்னமே பாடம். ஜூலி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டா, நான்தான் விடாமல் போனேன். முடிந்தது என்று சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள் என்று எனக்குப் பயம் அண்ணை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் பிழை தேடித் தேடிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில், மெசின் சத்தத்துக்குள் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்து முழுவதையும் வாசித்தேன். திரும்பிப் பார்த்தால் ரதி கூடையோடு நிற்கிறா. “உங்களுக்கு இது எப்பவோ பாடம்” என்றா. “மனிசன் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கேல்லை. நீங்கள் வருவியள் எண்டு கிடக்குது. ஆறு மாசமாய்க் கூப்பிடுது, உங்களுக்குத்தான் விளங்கேல்லை” என்று சொல்லிவிட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போனவதான், இன்னும் கதைக்கவில்லை. ஐந்தாம் வரி சரி, நான் மெதுவாக விளங்கிக்கொள்ளுகிற தம்பிதான்.

ஒன்பதாம் வரியைப் பற்றி இப்போது எழுதுகிறேன். அவர் என்னை ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை. நீங்கள் போன பிறகு எழும்பி நின்று இதை நான் எப்படி வாசிக்கிறது? அது பொய்யாகிவிடும். நீங்கள் இருக்கிறபோது வாசித்தால்தான் அது உண்மை. ஆகவே ரிக்கெற் எடுத்துவிட்டேன், ஏப்ரல் மூன்றாம் திகதி காலையில் உங்களுடைய ஜன்னலோரம் வந்து நின்று வாசிப்பேன், நீங்கள் கட்டில் சட்டத்தில் முட்டியாலும் விரலாலும் தட்டிக் கேட்க வேண்டும். மெட்டு ஓஸ்லோ மெட்டாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரதி இந்தக் கடிதத்தைப் படமெடுத்து நிலாணிக்கு அனுப்புவா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, உங்களுக்குக் காட்டுவாள்.

கலண்டரைப் பார்த்தேன். இந்த மாதக் கடைசியில் வருகிற ஏகாதசியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்தது ஏப்ரல் எட்டாம் திகதி வருகிறது. அன்றைக்கு நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன், களவாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.